இ.எம்.டி. முடித்தாயிற்று, முதல் வண்டி எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் ஒரு தனியார் வண்டி, பிறகு 108 என்று பல வருடம் ஆம்புலன்ஸின் பின்பக்கத்தில் உட்கார்ந்து ஊர் சுற்றியவன் நான். இப்போது இ.எம்.டி. (ஆம்புலன்ஸில் நோயாளியைக் கவனிக்கும் அவசர மருத்துவத் தொழில்நுட்பர்) படிக்கும் புதியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். ஒவ்வொரு பேட்ச் முடியும்போதும் பிள்ளைகள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். தமிழ்நாட்டில் வேலை தேடுபவர்களுக்காக அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

என்னிடம் இ.எம்.டி. சான்றிதழ் இருக்கிறது. 108-இல் நேராக எடுத்துக்கொள்வார்களா?

மாட்டார்கள். பலருக்கும் முதல் ஏமாற்றம் இங்கேதான் வரும். 108-இல் நம் பதவிக்கு ‘மருத்துவ உதவியாளர்’ என்று பெயர். அறிவிப்புகளில் வழக்கமாகக் கேட்கும் படிப்பு பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம். அல்லது ஏ.என்.எம். (இரண்டும் நர்சிங் படிப்புகள்), டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வக டிப்ளமோ), பார்மசி டிப்ளமோ அல்லது பட்டம், அல்லது விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பம் போன்ற ஒன்றில் பி.எஸ்சி. வயது பொதுவாக 19 முதல் 30 வரை.

ஸ்ட்ரெச்சரைத் தொட்டே பார்க்காத விலங்கியல் பட்டதாரிக்குத் தகுதி உண்டு. பிளஸ் டூ முடித்து ஆறு மாத இ.எம்.டி. கோர்ஸ் படித்த பிள்ளைக்குச் சில சமயம் இல்லை. நியாயமா என்று என்னைக் கேட்டால் பாதி நியாயம் என்பேன். எடுக்கிற எல்லோருக்கும் அவர்களே ஏறக்குறைய 50 நாள் வகுப்பும் மருத்துவமனைப் பயிற்சியும் கொடுத்துத்தான் வண்டியில் ஏற்றுகிறார்கள். ஆகவே வெளியே வாங்கிய சான்றிதழ் வாசற்கதவைத் திறக்காது. உள்ளே போனபின் மற்றவர்களைவிட உங்கள் கை முன்னே நிற்கும், அவ்வளவுதான்.

எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து, அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் படித்தவர்களின் கதை வேறு. அவர்களைப் பெரிய மருத்துவமனைகளின் எமர்ஜென்சி பிரிவே தேடி எடுக்கும். 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் அவசர மருத்துவத் தொழில்நுட்பவியலாளர் என்ற தொழிலும் பட்டியலில் இருக்கிறது. பதிவு நடைமுறை வரும்போது கையில் இருப்பது எந்த அமைப்பின் சான்றிதழ் என்பதுதான் கேள்வியாகும். ‘மூன்றே மாதத்தில் இ.எம்.டி., வேலை உறுதி’ என்று பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸை நம்பிப் பணம் கட்டுமுன் இதை யோசியுங்கள்.

108 அறிவிப்பு எங்கே வரும்?

நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில், ‘108 ஆம்புலன்ஸ் வேலைவாய்ப்பு முகாம்’ என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாக வரும். பெரும்பாலும் அரசு மருத்துவமனை வளாகத்திலோ கல்லூரியிலோ ஒருநாள் முகாம். சென்னையில் என்றால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் கேட்டுப் பாருங்கள். அசல் சான்றிதழ்கள், ஆதார், ஓட்டுநர் உரிமம் இருந்தால் அது, இவற்றுடன் காலையிலேயே போய் வரிசையில் நில்லுங்கள். வேலை தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்திலும் கிடைக்கலாம். ‘எங்க ஊர்லயே வேணும்’ என்று முகாமில் அடம்பிடிக்க வேண்டாம். முதலில் வண்டி ஏறுங்கள், மாறுதலைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

பணம் கேட்டால் அவர் ஏஜென்ட். ‘உள்ளே ஆள் இருக்கு, ஐம்பதாயிரம் கொடுத்தா போதும்’ என்கிற ஆளுக்கு உள்ளே யாரும் இல்லை.

இது அரசு வேலைதானே?

இல்லை. உங்கள் வீட்டில் பெண் பார்க்கப் போவதற்குள் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. பணம் அரசுடையது, நடத்துவது 2005-இல் ஐதராபாத்தில் தொடங்கிய இ.எம்.ஆர்.ஐ. நிறுவனம். இன்றைக்கு அதன் பெயர் இ.எம்.ஆர்.ஐ. கிரீன் ஹெல்த் சர்வீசஸ். நீங்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர். பணி நிரந்தரம், எட்டு மணி நேர வேலை என்று ஊழியர்கள் தீபாவளி நெருங்கும் சமயங்களில் போராட்ட அறிவிப்பு கொடுப்பதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

சம்பளம் எவ்வளவு?

கடந்த சில ஆண்டு அறிவிப்புகளில் மாதம் பதினைந்தாயிரத்துக்கும் இருபத்திரண்டாயிரத்துக்கும் நடுவில் பார்த்திருக்கிறேன். ஷிஃப்ட் 12 மணி நேரம், பகலும் இரவும் மாறி மாறி வரும். ரிலீவர் வராவிட்டால் 12 மணி 13 ஆகும், 14 ஆகும். தனியாரில் எட்டாயிரத்துக்கும் ஆள் கேட்பார்கள், இருபத்தைந்தாயிரத்துக்கும் கேட்பார்கள். அங்கே சம்பளத்தோடு சேர்த்து பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். முதுகுவலியும் ஊசிக்குத்தும் உள்ள தொழில் இது. இ.எஸ்.ஐ. அட்டை இல்லாத வேலையில் அந்த மருத்துவச் செலவு உங்கள் வீட்டுத் தலையில் விடியும்.

தேர்வில் என்ன கேட்பார்கள்?

ஒரு எழுத்துத் தேர்வு, பிறகு மருத்துவ அடிப்படை பற்றிய நேர்காணல், கடைசியில் மனிதவளத் துறையினரோடு பேச்சு. எழுத்துத் தேர்வு பள்ளி உயிரியலும் முதலுதவியும்தான். பயப்பட ஒன்றுமில்லை.

நேர்காணலில் சாதாரண அளவுகளைக் கட்டாயம் கேட்பார்கள். பெரியவர்களுக்கு நாடித்துடிப்பு 60–100, மூச்சு நிமிடத்துக்கு 12–20, ஆக்சிஜன் அளவு 95-க்கு மேல், சர்க்கரை 70-க்குக் கீழே போனால் தாழ்வு. சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி மூச்சுக் கொடுப்பது) என்றால் நிமிடத்துக்கு 100–120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், தனியாளாகச் செய்தால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இதையெல்லாம் ஒப்பிப்பவர்கள் நிறையப் பேர். ‘சரி, தரையில இந்த பொம்மைக்குச் செஞ்சு காட்டு’ என்றதும் முழங்கையை மடக்கி, பயந்து பயந்து அமுக்குவார்கள். அங்கேதான் ஆள் வடிகட்டப்படுகிறது. வீட்டில் தலையணையை வைத்தாவது இரண்டு நிமிடம் விடாமல் அழுத்திப் பாருங்கள். ஒரு நிமிடத்திலேயே தோள் கழன்றுவிடும். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) அட்டை இருந்தால் எங்கேயும் மதிப்பு உண்டு. அது இரண்டு வருடம் செல்லும்.

நான் நேர்காணல் எடுக்கும்போது ஒரு கணக்கு கேட்பேன். பி டைப் சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன். மீட்டர் முள் பாதியில் நிற்கிறது. நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடுகிறது. ராமநாதபுரத்தில் கிளம்பினால் மதுரை போய்ச் சேருமா? பாதி என்றால் 750 லிட்டர், 75 நிமிடம். மதுரைக்கு 110 கிலோமீட்டருக்கு மேல், இரண்டு மணி நேரம். மானாமதுரை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சிலிண்டர் தீர்ந்துவிடும். பத்துப் பேரில் மூன்று பேர் இதைப் போட்டுவிடுகிறார்கள். மிச்சம் பேர் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

தனியார் ஆம்புலன்ஸில் முதல் வேலைக்குச் சேரலாமா? கெட்ட பேராக இருக்கிறதே?

அந்தக் கணக்கை நான் ஏன் கேட்கிறேன் என்று சொன்னால் இதற்குப் பதில் வந்துவிடும்.

என் முதல் வேலை ஒரு தனியார் வண்டியில். பெயர் வேண்டாம். சேர்ந்த மூன்றாம் நாள் இரவு, மூச்சுத்திணறலோடு ஒரு பெரியவர், வேறு மருத்துவமனைக்கு மாற்றும் ரெஃபர் கேஸ். ஓனர் போனில் சொன்னது: ‘தம்பி, எல்லாம் ஃபுல்லா இருக்கு, ஏத்திட்டுக் கிளம்பு.’ நானும் முள்ளைப் பார்க்கவில்லை. பாதி வழியில், ஆக்சிஜன் ஓடும் அளவைக் காட்டும் ஃபிளோமீட்டரில் குண்டு கீழே இறங்கிவிட்டது. இன்னொரு சிலிண்டரைத் திறந்தால் அது காலி, இந்த ட்ரிப்புக்கு முன்பே. டிரைவர் அண்ணன் பெரிய மனது பண்ணி வழியிலிருந்த ஒரு ஆஸ்பத்திரியில் வண்டியைத் திருப்பினார். அங்கே கெஞ்சி ஒரு சிலிண்டர் வாங்கினோம். பெரியவர் பிழைத்தார். மறுநாள் ஓனர் என்னைத் திட்டியது, வழியில் வண்டியை நிறுத்தியதற்கு.

அதற்காகத் தனியார் எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். நல்ல மருத்துவமனை வண்டிகளில் வென்டிலேட்டர், மருந்தை அளவாகச் செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்ப் எல்லாம் மருத்துவரோடு கூடவே இருந்து கற்றுக்கொள்ளலாம். அந்த வாய்ப்பு சாதாரண வண்டியில் வராது. ஆனால் சேருமுன் நான்கு விஷயம் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நோயாளி நிலை மோசமானால் நீங்கள் போனில் பிடிக்க ஒரு மருத்துவர் இருக்கிறாரா? முதல் சில வாரம் அனுபவப்பட்ட ஒருவரோடு அனுப்புகிறார்களா, இல்லை முதல் நாளே தனியாகவா? ஒவ்வொரு ஷிஃப்டும் தொடங்கும்போது பொருட்களைச் சரிபார்க்க செக்லிஸ்ட் இருக்கிறதா? வேலை உத்தரவு எழுத்தில் தருகிறார்களா? முதல் இரண்டில் ‘இல்லை’ என்று வந்தால் ஐயாயிரம் கூடக் கொடுத்தாலும் போகாதீர்கள். 108-ஐ நான் முதலில் சொல்வதற்கும் காரணம் இதுவே: அங்கே கண்ட்ரோல் ரூமில் மருத்துவர் இருப்பார். போன் போட்டால் என்ன கொடுக்க, எந்த அளவில் கொடுக்க என்று சொல்வார். புதிய இ.எம்.டி.க்கு அந்தக் குரல் சம்பளத்தைவிடப் பெரியது.

இன்னொன்று. சில இடங்களில் உங்களை எடுப்பதே பில்லில் ‘டெக்னீஷியன் சார்ஜ்’ போடத்தான். யூனிஃபார்ம் போட்டு முன் சீட்டில் உட்காரச் சொல்வார்கள். நோயாளியோடு பின்னால் சொந்தக்காரர் இருப்பார். அப்படிப்பட்ட வண்டியில் ஒரு வருடம் இருந்தாலும் உங்களுக்கு அனுபவம் என்று ஒரு நாள்கூடச் சேராது.

108-ம் தனியாரும் தவிர வேறு எங்கே?

நெடுஞ்சாலை டோல் பிளாசாக்களில் ஆம்புலன்ஸ் நிற்கும், 1033-க்கு அழைத்தால் வருவது அதுதான். விபத்து கேஸ்களில் கை பழக நல்ல இடம். ஆனால் பல நாள் சும்மா உட்கார்ந்திருக்க நேரும். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் இந்த வேலைகள் உண்டு. சம்பளம் பரவாயில்லை, கேண்டீன் சாப்பாடு உண்டு, ராத்திரித் தூக்கம் உண்டு. ஆனால் முதல் வேலையாக எடுத்தால் விரல் வெட்டுக்குக் கட்டுப் போட்டே இரண்டு வருடம் ஓடிவிடும்.

வண்டியே கிடைக்கவில்லையென்றால் மருத்துவமனை எமர்ஜென்சி பிரிவில் டெக்னீஷியனாகச் சேருங்கள். ஆம்புலன்ஸ் கொண்டுவந்து இறக்கும் நோயாளியை வாங்கும் பக்கத்தில் ஆறு மாதம் நின்றால், என்ன சொல்லி இறக்க வேண்டும் என்பது தானாக வந்துவிடும்.

பெண்களுக்கு இந்த வேலை சரிப்படுமா?

108-இல் பெண் மருத்துவ உதவியாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிரசவ கேஸில் சொந்தக்காரர்கள் ‘சிஸ்டர் வந்துட்டாங்க’ என்று மூச்சுவிடுவதை நானே பக்கத்து வண்டியில் பார்த்திருக்கிறேன். எடை தூக்க முடியுமா என்பது எல்லோருக்கும் உள்ள கேள்வி. எழுபது கிலோ ஆளை இரண்டாம் மாடியிலிருந்து ஒடுங்கிய படிக்கட்டில் இறக்குவது எனக்கும் கஷ்டம்தான். வீட்டார் இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லித்தான் இறக்குகிறோம்.

உண்மையான சிரமம் வேறு. வண்டி நிற்கும் இடத்தில் கழிப்பறை, ராத்திரி டூட்டியில் ஓய்வெடுக்க இடம். ஆரம்ப சுகாதார நிலையமோ அரசு மருத்துவமனையோ என்றால் சமாளிக்கலாம். வண்டியைக் காவல் நிலைய வாசலிலும் சாலை ஓரத்திலும் நிறுத்தும் இடங்களும் உண்டு. வேலைக்குச் சேரும்போதே ‘வண்டி எங்கே நிற்கும்’ என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

எனக்கு ஓட்டத் தெரிய வேண்டுமா?

108-இல் ஓட்டுநர் தனி, அவரைப் பைலட் என்போம். பைக் ஆம்புலன்ஸில் மட்டும் மருத்துவ உதவியாளரே ஓட்டிப் போவார், அதற்கு இருசக்கர உரிமம் வேண்டும். தனியாரில் ‘ஓட்டவும் தெரியுமா?’ என்பது ஆசையாகக் கேட்கப்படும் கேள்வி. தெரிந்தால் தெரியும் என்று சொல்லுங்கள். நோயாளியைப் பின்னால் தனியே விட்டு நீங்களே ஓட்டிப் போகச் சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ரத்தம் பார்த்தால் தலை சுற்றும். பழகிவிடுமா?

பெரும்பாலும் பழகிவிடும். மூன்றாவது விபத்து கேஸில் கைதான் வேலை செய்யும், கண் பின்னால் போய்விடும். பழகாதது வாசனையும் அழுகையும். குழந்தை கேஸ் முடிந்த ராத்திரி பைலட் அண்ணன் டீ வாங்கிக் கொடுத்து ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நீங்களும் பேச வேண்டாம், டீயைக் குடியுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள், மறைக்காதீர்கள்.

முதல் சில மாதத்தில் எந்த மாதிரி கேஸ்கள் வரும்?

சைரன் போட்டுப் பறக்கும் விபத்துகள் என்று நினைத்து வருவார்கள். அவை வரும். ஆனால் நாளின் பெரும்பகுதியைப் பிரசவ வலியும், ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஜி.எச்., ஜி.எச்.சிலிருந்து மெடிக்கல் காலேஜ் என்று மாற்றும் ரெஃபர் கேஸ்களும் பிடித்துக்கொள்ளும். ரெஃபர் கேஸை ‘சும்மா கூட்டிட்டுப் போறது’ என்று அலட்சியம் செய்யாதீர்கள். ஏற்றுமுன் குறிப்புச்சீட்டைப் படியுங்கள், ஓடும் மருந்து எது, எவ்வளவு வேகத்தில் என்று நர்ஸ் அக்காவிடம் கேளுங்கள், போகும் இடத்துக்குத் தகவல் போய்விட்டதா என்று உறுதி செய்யுங்கள்.

வண்டியிலேயே பிரசவம் நடக்கும். முதல் தடவை உங்கள் கை நடுங்கும். தாயின் கைக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தை வந்ததும் துடைத்து, சூடாகச் சுற்றி, தாயின் மார்பில் வைத்து, மூச்சைப் பார்ப்பது. வகுப்பில் இதைப் பாதி தூக்கத்தில் கேட்ட பையன்தான் பிறகு திண்டிவனம் பக்கத்திலிருந்து ராத்திரி போன் செய்து ‘சார், பொண்ணு சார்’ என்று கத்தினான்.

கிராமப்புற வண்டி என்றால் பாம்புக்கடி. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே நம் விஷமுறிவு மருந்து. எனவே பாம்பை அடித்துச் சாக்குப்பையில் போட்டு வண்டியில் ஏற்றத் தேவையில்லை, ஏற்றவும் விடாதீர்கள். ஒரு தடவை சாக்கு அசைந்தது. கடித்த இடத்தைக் கீறாமல், கயிற்றால் இறுக்கிக் கட்டாமல், கையோ காலோ அசையாதபடி வைத்து, கடித்த நேரத்தைக் குறித்து, மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு நேராகப் போவதுதான் வேலை.

விபத்து கேஸில் தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளின் ‘டேய்’ (TAEI) என்ற விபத்து, அவசர சிகிச்சை முறையைப் புரிந்துகொள்ளுங்கள். நோயாளியை சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து வாங்குவார்கள். நீங்கள் வழியிலேயே முன்தகவல் சொன்னால் சிவப்புப் பகுதியில் ஆட்கள் தயாராக நிற்பார்கள். காயம்பட்டவர்களின் வீட்டார் பணத்துக்குத் திணறும்போது சொல்ல ஒரு தகவல்: 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும்.

மக்கள் அடிப்பார்களாமே?

திட்டுவார்கள். ‘எவ்ளோ நேரம்டா வர்றதுக்கு?’ என்பதுதான் பல வீடுகளில் வரவேற்பு. பதில் சொல்லாதீர்கள், நேராக நோயாளியிடம் மண்டியிட்டு நாடியைப் பிடியுங்கள். உங்கள் கை நோயாளி மேல் விழுந்ததும் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். மிச்சப் பேருக்கு வேலை கொடுங்கள்: ஒருவரை ஸ்ட்ரெச்சர் பிடிக்கச் சொல்லுங்கள், ஒருவரை ஆதார் அட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். உயிர் போயிருந்தாலும் ‘இறந்துட்டார்’ என்று உங்கள் வாயால் சொல்லாதீர்கள். அதை அறிவிக்கும் அதிகாரம் மருத்துவருக்கு, உங்களுக்கு இல்லை. கூட்டம் கட்டுமீறினால் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தி போலீசைக் கூப்பிடுவதில் வெட்கமில்லை.

சேருமுன் தடுப்பூசி ஏதாவது?

ஹெபடைடிஸ் பி, மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். படிக்கும்போதே தொடங்குங்கள், வேலை கிடைத்தபின் நேரம் கிடைக்காது. டி.டி.யும் போட்டுக்கொள்ளுங்கள். ஊசி குத்திவிட்டால் சோப்பால் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை.

வளைகுடாவுக்கு நேராகப் போய்விடலாமா?

அனுபவம் இல்லாமல் கஷ்டம். சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம் வழியாகச் சரிபார்ப்பார்கள், பல நாடுகளில் ப்ரோமெட்ரிக் என்ற கணினி வழி உரிமத் தேர்வும் உண்டு. அனுபவச் சான்றிதழையும் அதை வழங்கிய இடத்திலேயே கேட்டு உறுதி செய்வார்கள். பொய்ச் சான்றிதழ் கொடுத்து மாட்டினால் அந்தக் கதவு திரும்பத் திறப்பது கடினம். அதனால்தான் வேலை உத்தரவை எழுத்தில் வாங்குங்கள் என்று மேலே சொன்னேன். இரண்டு வருடம் கழித்து அந்தத் தாளைத்தான் தேடுவீர்கள்.

முதல் நாள் டூட்டிக்கு என்ன எடுத்துப் போக வேண்டும்?

பையில் இரண்டு பேனா, ஒரு சின்ன நோட்டு, விநாடி முள் உள்ள கைக்கடிகாரம், டார்ச், மாற்று உடை, பிஸ்கட். ஷூ வழுக்காததாக இருக்கட்டும். நோயாளி பதிவுப் படிவத்தை ஆங்கிலத்தில்தான் நிரப்ப வேண்டியிருக்கும். நோய்ப் பெயர்களின் எழுத்துக்கூட்டலை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அரை மணி முன்னதாகப் போங்கள். பைலட்டுக்கு வணக்கம் வைத்துவிட்டு, பின்கதவைத் திறந்து, இரண்டு சிலிண்டரையும் நீங்களே திருகித் திறந்து முள்ளைப் பாருங்கள். முந்தைய ஷிஃப்ட் ஆள் ‘ஃபுல்லுதான் தம்பி’ என்று சொன்னாலும் பாருங்கள்.